எஸ் வளைவில் மூச்சு முட்டிய லாரி

1. வீடியோவில் வந்த என் ஸ்டிக்கர்

ஆடிச் சாரல் நன்றாகப் பிடித்துக்கொண்ட ஒரு நாள் காலையில் தங்கம் என் பட்டறைக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. செல்போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

அதில் ஒரு வீடியோ ஓடியது. கேரளா போகும் மலைப்பாதையில், புளியறைக்கு மேலே எஸ் வளைவில் அவளுடைய பத்துச் சக்கர லாரி முக்கி முனகி ஏறிக்கொண்டிருந்தது. பின்னால் பஸ், கார், சிமெண்ட் லாரி என்று கண்ணுக்கு எட்டிய வரை வரிசை. ஒரு கார்க்காரர் அதை எடுத்து, மலையாளத்தில் கிரிக்கெட் வர்ணனை மாதிரி பேசி, ஊருக்கெல்லாம் அனுப்பியிருந்தார். லாரியின் பின்கதவில் என் பட்டறையின் பெயரும், 'குத்துக்கல்வலசை' என்ற ஊர்ப்பெயரும் பளிச்சென்று தெரிந்தன. அந்த ஸ்டிக்கரை ஒட்டியவன் நான்தான். விளம்பரம் என்றால் இப்படி அமைய வேண்டும்.

"பாத்தியளா அண்ணாச்சி? ரெண்டு மாசத்துக்கு முன்னதான இன்ஜெக்டரு, டர்போ எல்லாம் பாத்துக் குடுத்திய? இப்ப மாட்டு வண்டி முந்திப் போவுது."

"மழைக்காலம். வளைவுல எல்லா வண்டியும் மெதுவாத்தான் ஏறும், தங்கம்."

"மத்த வண்டியெல்லாம் எறும்பு சாரையா பின்னால நிக்கி. என் வண்டி ஒண்ணுதான் மெதுவாப் போவுது. கண்ணு தெரியுதுல்லா ஒங்களுக்கு?"

கண் தெரிந்தது.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். டீசல் வண்டிகளோடு முப்பத்தெட்டு வருடம் மாரடித்தவன். முதல் பாதி ஸ்பேனர், பிற்பாதி லேப்டாப். அந்தக் காலத்தில் வண்டி இழுக்கவில்லை என்றால் பம்பில் ஒரு ஸ்க்ரூவைத் திருப்பி டீசலைக் கூட்டுவோம். இப்போது எவ்வளவு டீசல், எவ்வளவு காற்று என்பதையெல்லாம் வண்டிக்குள் இருக்கும் இசியூ என்ற கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது. அதற்குள் இருக்கும் ஃபைலை மாற்றுவதைத்தான் டியூனிங் என்கிறார்கள். "அண்ணாச்சி, டைனோ டியூனிங் நல்லதா, ரிமோட் டியூனிங் நல்லதா?" என்று இளவட்ட மெக்கானிக்குகள் என்னிடம் கேட்கும்போதெல்லாம் நான் தங்கத்தின் லாரிக் கதையைச் சொல்வது வழக்கம். சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டதால் எழுதி வைக்கிறேன்.

தங்கத்துக்கு இருப்பது அந்த ஒரே லாரி. முன்பு அவள் கணவரே ஓட்டினார். முதுகுத் தண்டு பிசகி அவர் ஸ்டியரிங்கை விட்ட பிறகு, வண்டியின் சகல காரியங்களும் இவள் கைக்கு வந்தன. பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் மத்தியானத்துக்கு முன் காய்கறி ஏற்றினால், சாயங்காலம் கொல்லத்தில் இறக்க வேண்டும். அங்கே சின்ன வண்டிக்காரர்கள் காத்து நிற்பார்கள். அந்த வாரம் நான்கு நாள் லேட். கொல்லத்துக் காய்கறி வியாபாரி நாசூக்காக ஒரு வார்த்தை சொல்லி அனுப்பிவிட்டார்: இனி ஒரு நாள் லேட்டானாலும் ஓண லோடு வேறு வண்டிக்கு.

ஓண லோடு என்பது எங்கள் பக்கத்து லாரிக்காரர்களுக்குத் தீபாவளி மாதிரி. அந்தப் பத்து நாள் ஓடுகிற வண்டிக்குத்தான் வருடம் முழுக்க மரியாதை. அது கைவிட்டுப் போனால் மற்ற லோடும் தானாகப் போய்விடும்.

"வண்டிய சரி பண்ணுங்க. இல்லன்னா வண்டி சரியாத்தான் இருக்குன்னு எழுதிக் குடுங்க. அப்ப எவன மாத்தணுமோ அவன மாத்திக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு வாசலைப் பார்த்தாள்.

வாசலில் டிரைவர் இசக்கி நின்றிருந்தான். பதினோரு வருடமாக அந்த வண்டியை ஓட்டுபவன். அதிர்ந்து பேசத் தெரியாதவன். கேபினுக்குப் பின்னால் போய் எதையோ எடுத்து மடித்து சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தான். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என் பட்டறைக்கு வருகிற எல்லா டிரைவரும் செய்கிற காரியம்தான் அது.

காரணம், என் வாசல் பலகை. 'பட்டறைக்குள் தோளில் துண்டு கூடாது. வண்டியில் தொங்கும் துணி கூடாது.' என் இடது கைச் சுண்டுவிரலில் பாதி இல்லை. ஃபேன் பெல்ட்டில் மாட்டிய ஒரு துண்டைப் பிடித்து இழுக்கப் போய், பெல்ட்டுக்குத் தட்சணையாகக் கொடுத்தது. அன்றிலிருந்து கலெக்டரே வந்தாலும் துண்டை வெளியே வைத்துவிட்டுத்தான் வர வேண்டும். முன்னால் கட்டும் எலுமிச்சம்பழ மாலைக்கு மட்டும் விலக்கு.

2. டைனோவா, ரிமோட்டா

அன்று முழுக்க லாரியைக் குடைந்தேன். ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தேன், சுத்தம். டர்போ பைப்பில் காற்றடைத்து சோப்புத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன், ஒரு குமிழி வரவில்லை. ஸ்கேனரை மாட்டினேன், ஒரு கோளாறும் காட்டவில்லை. டாஷ்போர்டில் ஏர் ஃபில்டர் அடைத்தால் எரியும் விளக்கு ஒன்று உண்டு, அதுவும் எரியவில்லை. ஆரோக்கியமான நோயாளி!

கோயம்புத்தூரில் செந்தில் என்று ஒரு டியூனர் இருக்கிறார். நாற்பது வயது, கணக்கில் புலி. லாரியை ஏற்றும் அளவுக்குப் பெரிய டைனோவும் வைத்திருக்கிறார். போனில் விஷயத்தைச் சொன்னேன்.

"வண்டியை இங்க கொண்டாந்துருங்ணா. டைனோல ஏத்திப்போட்டா அரை நாள்ல தெரிஞ்சுபோயிருமுங்" என்றார்.

டைனோ என்பது தரையில் பதித்த பெரிய உருளைகள். வண்டியை அதன்மேல் நிறுத்தி, சங்கிலி போட்டுக் கட்டி, ஆக்சிலரேட்டரை மிதித்தால் சக்கரம் உருளையைச் சுற்றும், வண்டி நகராது. எத்தனை குதிரை சக்தி சக்கரத்துக்கு வருகிறது என்று அப்பட்டமாக எழுதிக் காட்டிவிடும். ஃபைலை மாற்றி மாற்றி அங்கேயே ஓட்டிப் பார்க்கலாம். ரோட்டில் யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

ரிமோட் என்பது அஞ்சல் வழி வைத்தியம். வண்டியின் சாக்கெட்டில் என் லேப்டாப்பை மாட்டி, ஃபைலை எடுத்து செந்திலுக்கு அனுப்புவேன். அவர் திருத்தி அனுப்புவார். நான் அதை வண்டிக்குள் ஏற்றுவேன். பிறகு வண்டி ஓடும்போது காற்று எவ்வளவு, டீசல் எவ்வளவு, கால் எவ்வளவு மிதிக்கிறது என்பதையெல்லாம் ஒரு சின்னக் கருவி பதிவு செய்யும். அதற்கு லாக் என்று பெயர். லாக்கைப் பார்த்து அவர் மறுபடி திருத்துவார்.

தங்கத்திடம் இரண்டையும் சொன்னேன். "கோயம்புத்தூரு போய்ட்டு வர எத்தன நாளு?" என்று கேட்டாள்.

"மூணு நாளு வச்சிக்கோ."

"மூணு நாளு வண்டி வரலன்னா நாலாம் நாளு அந்த எடத்துல வேற வண்டி நிக்கும் அண்ணாச்சி. போன்லயே வைத்தியம் பாருங்க."

ரிமோட் என்று முடிவாயிற்று. செந்திலிடம் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொன்னேன்: புகை கட்டுப்பாட்டில் கை வைக்கக் கூடாது. புகையைச் சுத்தமாக்கும் யூரியாவை ஆஃப் பண்ணு, அதைப் பிடுங்கு, இதை அடை என்று கேட்டு வருகிறவர்களை நான் வாசலோடு அனுப்பிவிடுவேன். குற்றாலத்துக் காற்றை வாங்க ஊர் ஊராக ஆள் வருகிறது. அதில் நான் கரியைக் கலக்க மாட்டேன்.

3. மூன்று ஃபைலும் ஒரு பழியும்

ஃபைல் ஏற்றுவதற்குப் பெயர் ஃபிளாஷ். அது நடக்கும் கால் மணி நேரத்தில் கரண்ட் குறைந்தாலோ, ஒயர் ஆடினாலோ இசியூ செத்துப்போகும். ஆகவே நான் இரண்டாவது பேட்டரியை இணைத்து, கதவைச் சாத்தி, யாரும் வண்டியைத் தொடக்கூடாது என்று உத்தரவு போட்டுவிடுவேன். இசக்கி அதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனான். செருப்பைக் கழற்றிவிட்டு, கைகூப்பிக்கொண்டு நின்றான். திரையில் நூறு சதவீதம் வந்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

முதல் ஃபைல் ஏற்றியதும் நானே இலஞ்சி வரை ஓட்டிப் பார்த்தேன். வண்டி சும்மா சிட்டாகப் பறந்தது. மறுநாள் இசக்கி லோடோடு போனான். எஸ் வளைவில் அதே முக்கல், அதே முனகல்.

லாக்கைப் பார்த்த செந்தில், "காத்தே பத்தலைங்ணா. டர்போகிட்ட இன்னும் கொஞ்சம் பூஸ்ட்டு கேக்கற மாதிரி வெக்கறேன்" என்றார். டர்போ என்ஜினுக்குள் திணிக்கும் காற்றின் அழுத்தத்துக்குத்தான் பூஸ்ட் என்று பெயர். இரண்டாவது ஃபைல் வந்தது. பலன் இல்லை. மூன்றாவது ஃபைலில் இன்னும் தூக்கி வைத்தார். வண்டி கேட்டது, காற்று வரவில்லை.

இந்த இடத்தில் என் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். லாக் எடுக்கும்போது நான் கூடப் போயிருக்க வேண்டும். சோதனை ஓட்டத்துக்கு முப்பத்தெட்டு வருடமும் போனவன்தான். இந்த முறை கருவியை மாட்டிவிட்டு, "நீ போய்ட்டு வாலே" என்று இசக்கியை அனுப்பிவிட்டேன். கேட்டவர்களிடம் முழங்கால் வலி என்றேன். உண்மையில், வெளியே சாரல், கையில் சுக்குக் காப்பி, எதிரே சூடாக மிளகாய் பஜ்ஜி. கருவிதான் எல்லாம் எழுதுகிறதே, நான் எதற்கு என்று உட்கார்ந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் லோடோடு வண்டியைப் பட்டறைக்கு வரச் சொன்னேன். நானே ஓட்டினேன். அதே லோடு, அதே ஃபைல். வண்டி குறையில்லாமல் இழுத்தது. திரும்பி வந்து சாவியைக் கொடுத்தேன். அதே லாரியை இசக்கி எடுத்துக்கொண்டு போனான், மலையில் படுத்துவிட்டது. மூன்று நாளும் லேட். ஏதோ புண்ணியம், அந்த நாட்களில் வியாபாரி ஊரில் இல்லை.

தங்கம் வந்தாள். இந்த முறை உட்கார்ந்தாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"அண்ணாச்சி ஓட்டுனா போவுது. இவன் ஓட்டுனா போவல. அப்ப கோளாறு வண்டியில இல்ல. அருவியில ஆற அமரக் குளிச்சிட்டு, பஜாரு சுத்திட்டு, வளைவுல வண்டி இழுக்கலன்னு கத சொல்லுதான்."

"அக்கா, குளிக்கது நெசந்தான்" என்றான் இசக்கி. "திரும்பி வாரப்ப காலையில ரோட்டோரம் வண்டியப் போட்டுட்டு ஒரு முங்கு. அரை மணிநேரங் கூட ஆவாது. பதினோரு வருசமா குளிக்கேன். வளைவுல நான் பெடல முழுக்கத்தான் மிதிக்கேன். தாயறியச் சொல்லுதேன்."

"திங்கக்கெழம வேற ஆளு வருதான். அதுவரைக்கும் ஓட்டு."

இசக்கி வாசலுக்குப் போய்ப் பலகையின் கீழே நின்றுகொண்டான்.

செந்திலைக் கூப்பிட்டேன். "சந்தேகமே வேண்டாமுங்ணா, டைனோவுக்கு அனுப்புங்க. வண்டியா டிரைவரான்னு பட்டுனு சொல்லிப்போடும்" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் அன்று அனுப்பியிருந்தால், காய்ந்த ஷெட்டுக்குள் அந்த வண்டி குறையே இல்லாமல் ஓடியிருக்கும். மெஷின் சர்டிபிகேட் கொடுத்திருக்கும். இசக்கியின் பதினோரு வருடம் அந்த ஒரு தாளோடு முடிந்திருக்கும்.

எல்லோரும் போன பிறகு, மூன்று நாள் லாக்கையும் திறந்து வரி வரியாகப் பார்த்தேன். பூஸ்ட் பத்தியையே பார்த்துக்கொண்டிருந்த நான் அப்போதுதான் பெடல் பத்தியைப் பார்த்தேன். எஸ் வளைவு முழுக்க நூறு, நூறு, நூறு. இசக்கி தாயறியச் சொன்னது உண்மை. கால் முழுக்க மிதிக்கிறது, காற்றுதான் வரவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. இதை முதல் நாளே பார்த்திருக்க வேண்டும்.

தங்கத்துக்குப் போன் போட்டேன். "நாளைக்கு நான் கூடப் போறேன். அதுக்கப்புறம் யார மாத்தணும்னாலும் மாத்து."

4. செங்கோட்டையிலிருந்து மேலே

மறுநாள் செங்கோட்டையில் எனக்கு ஒரு ஜேசிபி வேலை இருந்தது. பட்டறைக்கு வர வேண்டாம், அங்கேயே வந்து ஏற்றிக்கொள் என்று இசக்கியிடம் சொல்லியிருந்தேன். இந்த ஒரு சின்ன ஏற்பாடுதான் எங்கள் எல்லோரையும் காப்பாற்றியது. அப்போது அது எனக்குத் தெரியாது.

மத்தியானம் லாரி வந்து நின்றது. லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு ஏறினேன். கேபின் முழுக்கச் சின்ன வெங்காயமும் முருங்கைக்காயும் மணந்தது. புளியறை செக்போஸ்டில் டீ குடிக்க நிறுத்தினோம். குடிக்கும்போது இசக்கி, "அண்ணாச்சி, திங்கக்கெழம வரப்போற ஆளுட்ட சொல்லணும். ரெண்டாவது கியரு கொஞ்சம் முறுக்கும். பாத்துப் போடணும்" என்றான். வேலை போகப்போகிறது, அப்போதும் கியரைப் பற்றிக் கவலைப்படுகிறான்.

ஏற்றம் தொடங்கியது. சாரல் கண்ணாடியில் ஊசி ஊசியாக விழுந்தது. முதல் வளைவிலேயே வண்டி திணறியது. இசக்கியின் காலைப் பார்த்தேன், பெடல் தரையைத் தொட்டிருந்தது. திரையைப் பார்த்தேன், பூஸ்ட் இருக்க வேண்டிய அளவில் பாதிதான் இருந்தது. பின்னால் ஹாரன் சத்தம் கூடியது. யாராவது இதையும் வீடியோ எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

"அங்கன அகலமா இருக்குலா, ஓரங்கட்டு" என்றேன்.

சக்கரத்துக்குக் கல் கொடுத்துவிட்டு இறங்கினேன். "ரேஸ் குடுலே!" என்று கத்தினேன். என்ஜின் உறுமியது. ஆனால் டர்போ வேகம் பிடிக்கும்போது வரும் சன்னமான விசில் வரவில்லை. பட்டறையில் காது குளிரக் கேட்ட விசில். ஜலதோஷம் பிடித்தவன் மூக்கால் பேசுகிற மாதிரி ஒரு சத்தம் மட்டும் வந்தது. சத்தம் வந்த பக்கம் போனேன். கேபினுக்குப் பின்னால், லோடு பாடிக்கு முன்னால், என்ஜின் காற்றை இழுக்கும் இன்டேக் என்ற பெரிய வாய் ஒன்று உண்டு. ஜன்னல் மாதிரி கம்பி வலை போட்டது. தார்ப்பாய் மடிப்பை விலக்கி எட்டிப் பார்த்தேன்.

வலை இல்லை. வலை இருக்க வேண்டிய இடத்தில் பச்சைக் கரை போட்ட ஒரு நாலு முழ வேட்டி.

ஈர வேட்டி. என்ஜின் இழுக்கிற இழுப்பில் ஒரு சுருக்கம் இல்லாமல், இஸ்திரி போட்டது போல வலையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கையால் இழுத்தேன், வரவில்லை. "என்ஜின அணைலே!" என்று கத்தினேன். அணைந்ததும் வேட்டி பொத்தென்று என் கையில் விழுந்தது.

இசக்கி இறங்கி வந்தான்.

"ஏலே, இது என்னது?"

"என் வேட்டி, அண்ணாச்சி."

"தெரியுது. இங்கன ஏன் கெடக்கு?"

"சாரல்ல எங்க போட்டாலும் ரெண்டு நாளைக்குக் காய மாட்டக்கு. குளிச்சிட்டு இங்கன விரிச்சா, கிளிப்பு கூட வேண்டாம், அதுவா புடிச்சிக்கிடும். நல்லா உறிஞ்சுது அண்ணாச்சி. முன்ன எல்லாம் கண்ணாடிப் பக்கம் கட்டுவேன், பறந்து போயிரும். இந்த சீசன்லதான் இந்த எடத்தக் கண்டுபுடிச்சேன்." கடைசி வாக்கியத்தில் கொஞ்சம் பெருமை கூட இருந்தது.

"பட்டறைக்கு வரும்போது?"

"பலக போட்டிருக்கியள்லா? தொங்குற துணி கூடாதுன்னு. வாசல்லயே எடுத்து மடிச்சி வச்சிருவேன். வெளிய போனதும் திரும்பப் போட்டுக்கிடுவேன்."

நான் ரோட்டோரக் கல் ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டேன். மூன்று ஃபைல், மூன்று நாள் லாக், கோயம்புத்தூரில் ஒரு கணக்குப் புலி, இங்கே முப்பத்தெட்டு வருட அனுபவம். இத்தனைக்கும் தண்ணி காட்டியது ஒரு வேட்டி. அதை என் கண்ணில் படாமல் காப்பாற்றியது என் சொந்தப் பலகை. சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். இசக்கி முதலில் பயந்தான். பிறகு வேட்டியையும் வலையையும் மாறி மாறிப் பார்த்தான். மெல்ல விஷயம் விளங்கியது. "ஏ ஆத்தீ!" என்று தலையில் கை வைத்துக்கொண்டான்.

சிக்னல் இரண்டு கோடு காட்டியது. செந்திலைக் கூப்பிட்டேன்.

"காத்து ஏன் வரலன்னு கண்டுபுடிச்சாச்சு. வேட்டி."

"ஏனுங்ணா? என்ன பார்ட்டுங்க அது?"

"பார்ட்டு இல்லய்யா. இடுப்புல கட்டுற வேட்டி. இன்டேக் வாயில காயப்போட்டிருக்கான்."

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். பிறகு அந்தப் பக்கம் ஷெட்டே அதிரும்படி ஒரு சிரிப்பு. சிரித்து முடித்ததும் தொழிலுக்குத் திரும்பினார். "அப்படியே ஓட்டிப்போடாதீங்ணா! மூணாவது ஃபைல்ல பூஸ்ட்ட தூக்கி வெச்சிருக்கேன். இப்ப காத்து நெறையா வந்துச்சுன்னா டர்போவுக்கு ஆகாதுங். கம்பெனி ஃபைலையே திருப்பி ஏத்திப்போடுங்."

ஆகவே எஸ் வளைவு ஓரத்தில், சாரலில், இரண்டாவது பேட்டரிகூட இல்லாமல், வண்டியோடு வந்த கம்பெனி ஃபைலைத் திருப்பி ஏற்றினேன். இசக்கி செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி நின்றான். போகிற பஸ்ஸிலிருந்து இரண்டு பேர், அங்கே ஏதோ கோயில் என்று நினைத்து, கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

நூறு சதவீதம் வந்தது. இசக்கி ஏறி உட்கார்ந்தான். விசில் கேட்டது. அந்த விசிலைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். இரண்டாவது கியர், மூன்றாவது கியர். முழு லோடோடு லாரி மலையை ஏறியது. முன்னால் போன டேங்கர் லாரி ஒன்று எங்களுக்குத் தடையாகிவிட, இசக்கி வாழ்க்கையில் முதல் முறையாக அந்த வளைவில் ஹாரன் அடித்தான். "மன்னிச்சிரு மக்கா" என்று கண்ணாடிக்குள் சொல்லிவிட்டு இன்னொரு முறை அடித்தான்.

ஆரியங்காவில் நிறுத்தி, அவனே தங்கத்துக்குப் போன் போட்டான். ஸ்பீக்கரில் போட்டு முழுக்கச் சொன்னான். ஒன்றையும் மறைக்கவில்லை. "தப்பு எம்மேலதான்க்கா. வேட்டியப் போட்டது நாந்தான்."

அந்தப் பக்கம் தங்கம் சிரித்தாள். அவள் சிரித்து நான் கேட்டதில்லை.

"ஏலே, நான் வேற டிரைவரப் பாத்தேன். நீ வேற கொடியப் பாத்திருக்கக் கூடாதா? சரி, திங்கக்கெழம வார ஆள வர வேண்டாம்னு சொல்லிருதேன். ஒன்னயப் பேசுன பேச்சுக்கு மனசுல வச்சிக்காத. லோடு நேரத்துக்குப் போயிருமா?"

"அரை மணி முன்னாலயே போயிரும்க்கா."

போய்ச் சேர்ந்தது.

5. பலகையில் ஒரு வரி

ஓண லோடு பத்து நாளும் தங்கத்தின் லாரியில்தான் போனது. கேபினுக்குப் பின்னால் கை எட்டும் உயரத்தில், இன்டேக்குக்கு எதிர்ப்பக்கமாக, ஒரு நைலான் கயிறும் ஆறு கிளிப்பும் தங்கமே வாங்கிக் கட்டிக் கொடுத்தாள். திருவோணத்துக்கு முந்தின நாள் கொல்லத்து வியாபாரி இசக்கிக்குக் பொன் ஜரிகை போட்ட கசவுக் கரை வேட்டி ஒன்று கொடுத்திருக்கிறார். அதைக் கவரோடு கொண்டுவந்து என் பட்டறை வாசலுக்கு வெளியே நின்று காட்டினான். உள்ளே வரச் சொன்னேன், "துணி இருக்கு அண்ணாச்சி" என்றான்.

எரியாத அந்த ஃபில்டர் விளக்கையும் பிரித்துப் பார்த்தேன். ஒயரை எலி கடித்து வைத்திருந்தது. எரியாத விளக்கு நல்ல செய்தி சொல்கிறது என்று நம்பியதும் என் கணக்கில்தான் சேரும்.

சீசன் முடிந்து ஐப்பசியில், அவசரம் இல்லாத ஒரு வாரத்தில், லாரியை கோயம்புத்தூருக்கு அனுப்பினோம். டைனோவில் ஏற்றி, மலை ஏற்றத்துக்குத் தோதாக ஒரு மிதமான ஃபைல் போட்டுக் கொடுத்தார் செந்தில். நல்ல வேலை. ஆகவே கேட்கிறவர்களுக்கு என் பதில் இது. வண்டியிலிருந்து கடைசி சொட்டு சக்தி வரை அளந்து எடுக்க வேண்டுமா, மூன்று நாள் வண்டி நின்றால் பரவாயில்லையா, டைனோவுக்குப் போங்கள். வண்டி ஓடிக்கொண்டே இருக்க வேண்டுமா, ஓடுகிற ரோட்டிலேயே அது என்ன செய்கிறது என்று தெரிய வேண்டுமா, ரிமோட் போதும். ஆனால் ரிமோட்டில் டியூனர் ஒருவர்தான் தூரத்தில் இருக்கலாம். மெக்கானிக்கும் பஜ்ஜியோடு உட்கார்ந்து தூரமாகிவிட்டால், வண்டிப் பக்கத்தில் ஆள் இல்லை என்று அர்த்தம். முழங்கால் வலித்தாலும் ஏறி உட்காருங்கள்.

செந்தில் தன் ரிமோட் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் கேள்வித்தாளில் 'ஏர் இன்டேக்கில் துணி ஏதும் உண்டா?' என்று ஒரு கேள்வி சேர்த்திருக்கிறார். வடக்கேயிருந்து ஒருவர் போன் போட்டு, இது என்ன கேள்வி என்று சண்டை பிடித்தாராம்.

நானும் என் பலகையில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன். 'எடுத்து வைத்த துணி இவ்வளவு நேரம் எங்கே கிடந்தது என்று சொல்லிவிட்டு உள்ளே வரவும்.'

போன வாரம் என்ஜின் சூடாகிறது என்று ஒரு டெம்போ வந்தது. டிரைவர் வாசலில் நின்று பலகையை ஒருமுறை படித்தார். மறுபடியும் படித்தார். பிறகு தலையைச் சொறிந்துகொண்டே, கையிலிருந்த ஈரக் கைலியால் ரேடியேட்டர் பக்கத்தைக் காட்டினார்.